அயல்நாட்டு வாயிலும் அன்னைத் தமிழும்

(காரைக்குடியில் நடைபெற்ற திங்கட்கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



அயல்நாட்டு வேலையைப் பற்றிப் பேசுமாறு தலைவர் அவர்கள் என்னைப் பணித்திருக்கிறார்கள். தமிழாசிரியனுக்கு இதில் என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். சிங்கப்பூருக்கு வழி தேடுபவன் முகவரிடம் போவானே அன்றித் தமிழாசிரியனிடமா வருவான்? வருகிறான், ஐயா! ஆண்டுதோறும் என்னிடம் படித்த மாணாக்கர் நால்வரோ ஐவரோ கையில் ஓர் ஆங்கிலத் தாளை ஏந்திக்கொண்டு என் வீட்டுத் திண்ணைக்கு வருகின்றனர். அந்தத் தாளைப் பற்றித்தான் நான் இன்று பேசப் போகிறேன்.

நாம் கூடியிருக்கும் இம்மண் கடல் கடந்து பொருளீட்டியவர்களின் மண். இங்கிருந்து நெடுந்தொலைவில் இல்லாத மகிபாலன்பட்டியே பழைய பூங்குன்றம் என்பர் அறிஞர். கணியன் பூங்குன்றனார் உலகத்தை உறவாக எண்ணிப் பாடிய பாட்டின் முதலடியை நான் சொல்ல வேண்டியதில்லை. நீங்களே மனத்துக்குள் சொல்லிக்கொண்டிருப்பீர்கள். அதே மகிபாலன்பட்டியில் பிறந்த பண்டிதமணி கதிரேசனார் (1881–1953) இளமையிலேயே வணிகத்தின்பொருட்டு இலங்கைக்கு அனுப்பப்பட்டவர். அந்தச் சிறுவரே பின்னாளில் தமிழுலகம் போற்றும் பெரும்புலவர் ஆனார். கடல் கடந்தால் தமிழ் கெட்டுவிடும் என்று நான் சொல்ல வரவில்லை என்பதற்கு அவரே சான்று.

பொருள்வயிற் பிரிவு நம் இலக்கணத்தில் இடம்பெற்ற வாழ்வு நெறி. பொருள் தேடிப் பிரிதலைக் குற்றம் என்று தமிழன் எண்ணியதில்லை. ஆனால் அன்று நாம் பிறர் வாயிலுக்குச் சென்றது போலவே பிறரும் நம் வாயிலுக்கு வந்தனர். காவிரிப்பூம்பட்டினத்தில் வந்திறங்கிய பொருள்களுக்குச் சோழன் அலுவலர் புலிப்பொறி இட்டுக் காத்ததைப் பட்டினப்பாலை காட்டுகிறது. பல மொழி பேசும் அயல்நாட்டார் அங்கே கலந்து உறைந்ததையும் அது சொல்கிறது. வாயிலும் நம்முடையது, பொறியும் நம்முடையது. இன்று உலகில் எந்த வாயிலிலும் தமிழனின் பொறி இல்லை. இந்த உண்மையை மனத்தில் இருத்திக்கொண்டு மேலே கேளுங்கள்.

நகரத்தார் பெருமக்கள் பருமாவுக்கும் மலாயாவுக்கும் இலங்கைக்கும் சென்ற முறையைச் சற்று எண்ணிப் பாருங்கள். திறனாளர் என்னும் சொல்லைப் புதிதாகக் கண்டுபிடித்தவர்போல் இன்று பேசுகிறார்கள். நம் ஊர்ப் பையன் பெட்டியடிப் பையனாகத் தொடங்கி, அடுத்தாளாகி, மேலாளாகி, கடையை நடத்தும் முகவனாக உயர்ந்தான். வட்டிக் கணக்கும் பேரேடும் ஐந்தொகையும் அவன் கற்றது தமிழில். இரங்கூனில் எழுதிய ஐந்தொகையைக் காரைக்குடியில் முதலாளி படித்தார். இரண்டிடத்தும் ஒரே எழுத்து, ஒரே எண். சிங்கப்பூர் மார்க்கெட்டுத் தெருவில் அவர்கள் இருந்த கிட்டங்கி என்னும் சொல்லும் நம் கிடங்கே என்பர் சொல்லாய்வாளர். அங்கே தண்டாயுதபாணி கோயிலை அவர்கள் எழுப்பியது 1859இல். கடைக்கு வருவோரிடம் பருமிய மொழியிலும் மலாயிலும் பேசினர். கணக்கைத் தமிழில் வைத்தனர். பிறமொழி கற்றலும் தாய்மொழி விடாமையும் ஒன்றோடொன்று மோதுவன அல்ல என்பதை அவர்கள் நமக்கு வாழ்ந்து காட்டினர்.

என் பாட்டனார் அவ்வாறு ஒரு கடைக்கு அடுத்தாளாகப் பினாங்கு சென்றவர். நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறியவர். அவருடைய சம்பளச்சீட்டு எங்கள் வீட்டுத் தகரப்பெட்டியில் இன்றும் இருக்கிறது. சம்பளம் என்பது சம்பும் அளமும், அஃதாவது நெல்லும் உப்பும் கூலியாகக் கொடுத்த காலத்துச் சொல் என்பார் பாவாணர். அந்தச் சீட்டு அரைத்தாள் அளவுதான். மூன்றாண்டுக் காலம், அதற்கு இன்ன தொகை, முன்பணம் இவ்வளவு, ஊர் திரும்பும் செலவு யாரைச் சார்ந்தது, கணக்கில் குறை நேர்ந்தால் என்ன செய்வது. இவ்வளவும் பழகு தமிழில் எழுதப்பட்டிருக்கின்றன. என் பாட்டனார் திண்ணைப் பள்ளியில் படித்தவர். அந்தச் சீட்டில் அவருக்கு விளங்காத எழுத்து ஒன்றும் இல்லை. தம் உழைப்பை எந்தச் சொல்லுக்கு விற்கிறார் என்பதை அறிந்தே கையொப்பம் இட்டார்.

எல்லாம் நன்றாகவே இருந்தது என்று நான் பழம்பெருமை பேசவில்லை. பருமாவின் வங்கி உசாவல் குழு 1930 அளவில் கணக்கிட்டபோது, ஏறத்தாழ 1,650 நகரத்தார் கடைகள் அங்கிருந்தன. புழங்கிய பணம் 75 கோடி உருபா அளவினது என்றனர். அடுத்து வந்த பொருளியல் வீழ்ச்சியில் நெல்விலை சரிந்தது. கடனைத் திருப்ப இயலாத பருமிய உழவரின் நிலங்கள் கடைகளின் கைக்கு வந்தன. 1930இல் கீழ்ப்பருமாவின் நெல் விளையும் மாவட்டங்களில் நூற்றுக்கு ஆறு பங்காக இருந்த நகரத்தார் நிலம், 1938 அளவில் நாலில் ஒரு பங்காயிற்று. கடைக்காரர் நிலத்தை விரும்பவில்லை, பணத்தையே விரும்பினர் என்பது உண்மை. ஆனால் நிலம் இழந்த உழவனுக்கு அந்த வேறுபாடு எப்படித் தெரியும்? அவனுடைய மொழியை நாம் கற்றோம். அவன் மனக்குறையைக் கேட்கத் தவறினோம்.

வாயில் மூடத் தொடங்கியது. 1937இல் பருமா இந்தியாவிலிருந்து பிரிக்கப்பட்டது. 1941இல் இந்திய அரசும் பருமிய அரசும் குடியேற்ற உடன்படிக்கை ஒன்றைச் செய்தன. நெடுங்காலம் தங்குவார்க்கு ஒரு சீட்டு, குறித்த காலம் தங்குவார்க்கு மற்றொரு சீட்டு என்று அதில் வகுத்தனர். இன்று உலகெங்கும் வழங்கும் இசைவுச்சீட்டு முறையை நம்மவர் நேருக்கு நேர் கண்டது அப்போதுதான். செய்துகொண்ட அரசுகள் இரண்டும் வெள்ளைப் பேரரசுக்கு உட்பட்டவை. கடலுக்கு அப்பால் தலைமுறை தலைமுறையாக உழைத்த தமிழனை அழைத்து, உனக்கு இது ஏற்புடையதா என்று கேட்டார் யார்? அந்த உடன்படிக்கையின் மை உலரும் முன்னே சப்பானியர் படை வந்தது. 1942இல் நான்கு இலக்கத்துக்கும் மேற்பட்ட இந்தியர் காட்டுவழியிலும் கடல்வழியிலும் ஊர் திரும்பினர். வழியிலேயே மாண்டவர் பல்லாயிரவர். 1962இல் நேவின் ஆட்சி ஏறியபின் வங்கிகளும் கடைகளும் அரசுடைமை ஆயின. மேலும் ஏறத்தாழ மூன்று இலக்கம் மக்கள் வெறுங்கையோடு கப்பல் ஏறினர்.

மலாயாவில் 1953இல் நடைமுறைக்கு வந்த குடிநுழைவுச் சட்டம், உள்ளூரில் கிடைக்காத திறனுடையோர்க்கும் வணிகத்தை வளர்ப்போர்க்கும் அங்கே ஏற்கெனவே வாழ்வோரின் குடும்பத்தார்க்குமே வழி விட்டது. மூன்றாண்டுக்கு ஒருமுறை ஆள் மாற்றி அனுப்பிய செட்டிநாட்டு முறை அத்தோடு தளர்ந்தது. இலங்கைக்கு இந்திய அரசு 1964இல் செய்த உடன்படிக்கையில் 5,25,000 மலையகத் தமிழர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதமுள்ள 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர்ப் பேசிக்கொள்ளலாம் என்று, ஆடுமாடுகளைப் பங்கிடுவது போலப் பங்கிட்டனர். அம்மக்களின் வாயைத் திறந்து ஒரு சொல் கேட்டாரில்லை.

இந்த வரலாற்றிலிருந்து இன்றைய வாயிலுக்கு வருவோம். இரசூலாவும் சிதம்பரமும் கப்பலாய் ஓடிய காலம் போய்விட்டது. சிதம்பரம் கப்பலின் ஓட்டம் 1980களின் நடுவில் நின்றது. இன்று நான்கு மணி நேரத்தில் பறந்து சேர்கிறார்கள். ஆனால் நுழைவு எளிதாகவில்லை. சிங்கப்பூருக்கும் இந்தியாவுக்கும் இடையே 2005இல் முழுமைப் பொருளியல் ஒத்துழைப்பு உடன்படிக்கை ஏற்பட்டது. அதைக் காட்டி, நமக்கு அங்கே தனிவழி திறந்துவிட்டது என்று முகவர்கள் சொல்வதுண்டு. நம்பாதீர்கள்! அவ்வுடன்படிக்கை எவர்க்கும் தானே வேலை இசைவை வழங்கிவிடாது, எல்லாரும் தகுதிமுறைக்கு உட்பட்டே வரவேண்டும் என்று அந்நாட்டு அமைச்சர்கள் 2021இல் நாடாளுமன்றத்திலேயே விளக்கினர்.

அங்கே மூன்று படிகள் உள்ளன. உயர்திறனாளர்க்கு உரியது, ஆங்கிலத்தில் எம்ப்ளாய்மெண்ட் பாசு என்று வழங்கும் வேலைவாய்ப்புச் சீட்டு. 2025 தொடக்கத்திலிருந்து அதற்குக் குறைந்த அளவு திங்கள் ஊதியம் 5,600 வெள்ளி. பணத்துறையில் 6,200 வெள்ளி. அகவை கூடக்கூட அவ்வெல்லையும் உயரும். அத்தோடு 2023 முதல் மதிப்பெண் முறையும் சேர்ந்தது. ஊதியம், கல்வித்தகுதி, அந்நிறுவனத்தில் பல நாட்டவரும் கலந்துள்ள அளவு, உள்நாட்டவர்க்கு அது தரும் வேலையின் அளவு ஆகிய நான்கிலும் இருபது, பத்து, சுழி என்று மதிப்பிடுவர். ஆள் தட்டுப்பாடு உள்ள தொழில்களுக்குக் கூடுதல் மதிப்பெண் உண்டு. மொத்தம் நாற்பது பெற வேண்டும். இடைநிலைத் திறனாளர்க்கு 'எசு' சீட்டு. 2025 செபுதம்பரிலிருந்து அதற்குக் குறைந்த ஊதியம் 3,300 வெள்ளி. கட்டடம், கப்பல் கட்டுதல் போன்ற தொழில்களில் உழைப்போர்க்கு மூன்றாம் படியாகிய வேலை இசைவுச்சீட்டு. செவிலியரும் மருத்துவரும் இவற்றோடு அந்நாட்டுத் தொழில் மன்றங்களிலும் பதிவு பெற வேண்டும்.

இச்சீட்டு எதற்கும் வேலை தேடுபவன் தானே விண்ணப்பிக்க இயலாது. வேலை தரும் நிறுவனமோ அதன் பொருட்டு அமர்த்தப்பட்ட முகவரோதான் விண்ணப்பிக்க வேண்டும். ஆகவே, 'முதலில் பணம் கட்டு, சீட்டு வாங்கித் தருகிறேன், பிறகு நிறுவனம் பார்க்கலாம்' என்று எவரேனும் சொன்னால், அந்த இடத்தை விட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

கடல்வழிச் செலவில் மகளிரை உடன்கொண்டு செல்லும் வழக்கம் இல்லை என்று தொல்காப்பியர் கூறினார். நகரத்தார் ஆச்சிமார் பெரிய வீடுகளில் ஆண்டுக்கணக்கில் காத்திருந்ததும் அவ்வழக்கின் தொடர்ச்சியே. இன்று வழக்கை வகுப்பது ஊதியம். 6,000 வெள்ளி பெறுபவன் மனைவி மக்களை அழைத்துக்கொள்ளலாம். ஆனால் 2021 முதல் அம்மனைவி அங்கே வேலை பார்க்க வேண்டுமாயின் தனக்கெனத் தனிச்சீட்டுப் பெற வேண்டும். வேலை இசைவுச்சீட்டில் செல்பவனுக்கு அந்த வாய்ப்பே இல்லை. திருமணம் பேசுமுன் பெண்ணைப் பெற்றவர்கள் இதைக் கேட்டறிய வேண்டாவா?

இனி அந்தத் தாளுக்கு வருகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் என் மாணாக்கன் ஒருவன் திண்ணையில் வந்து அமர்ந்தான். ஐந்து அகவை முதல் ஆங்கிலவழியில் படித்துப் பொறியியற் பட்டம் பெற்றவன். முகவர் ஒருவர் பொறியாளர் வேலை என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். தாயின் நகை அடகுக்குப் போயிற்று. சென்று இறங்கிய பின்புதான், தன் சீட்டு மூன்றாம் படியைச் சேர்ந்தது என்றும், வேலை கட்டடக் கூலி வேலை என்றும், பேசிய ஊதியத்தில் பாதியும் இல்லை என்றும் அறிந்தான். கடனை அடைக்கும் அளவுக்குக்கூடச் சேர்க்க இயலாமல் பதினான்கு திங்களில் திரும்பி வந்தான்.

அவன் காட்டிய தாளை அகரமுதலி வைத்துக்கொண்டு வரி வரியாகப் படித்தேன். அந்நாட்டு அரசு வேலையாளுக்கு முன்கூட்டியே அனுப்பும் ஒப்புதல் மடல் அது. வேலை இன்னது, அடிப்படை ஊதியம் இவ்வளவு, பிடித்தம் இவ்வளவு என்று எல்லாம் அதில் எழுதப்பட்டிருந்தன. "இதைப் படிக்கவில்லையா, தம்பி?" என்று கேட்டேன். "முகவர் காட்டிய இடத்தில் கையொப்பம் இட்டேன், ஐயா" என்றான். சற்று நேரம் தலைகுனிந்திருந்து, "ஆங்கிலத்தில் படித்தேன், ஐயா, ஆங்கிலம் படிக்கவில்லை" என்றான்.

அன்பர்களே, அதற்கு முந்திய ஆண்டில்தான் எட்டாம் வகுப்பு வரை தமிழில் படித்த கொத்தனார் ஒருவர் அதே போன்ற மடலோடு வந்தார். அவர் கையில் ஆங்கிலத்தாளோடு தமிழ்த்தாளும் இருந்தது. ஆம், சிங்கப்பூர் அரசு வேலை இசைவுச்சீட்டில் வருபவர்க்கு அம்மடலை அவரவர் தாய்மொழியிலும் தருகிறது! அக்கொத்தனார் தம் ஊதியத்தைத் தாமே படித்தறிந்திருந்தார். முகவர் சொன்ன தொகைக்கும் அதற்கும் உள்ள வேறுபாட்டைக் கண்டு, சண்டையிட்டுச் சரிசெய்துகொண்டே புறப்பட்டார். என் மாணாக்கனுக்கும் அந்தத் தமிழ்த்தாள் வந்திருக்க வேண்டும். "அது எங்கே?" என்றேன். "எனக்குத் தரவில்லை, பொறியாளருக்குத் தமிழ்த்தாள் எதற்கு என்று நானும் கேட்கவில்லை" என்றான்.

அந்த விடை என் நெஞ்சில் முள்ளாய்த் தைத்தது. அயல்நாட்டரசு ஒன்றும் மறைக்கவில்லை. முகவர் மறைத்தார். அந்த மறைப்புக்கு உறுதுணையாக நின்றது, 'தமிழ்த்தாள் எதற்கு' என்று அவனுக்குக் கற்பித்த கல்வி. கற்பித்தவர்களுள் நானும் ஒருவன். வாரத்துக்குச் சில பாடவேளை தமிழ் சொல்லிக்கொடுத்துவிட்டு அமைதியாய் இருந்தவன். அந்தப் பழியிலிருந்து நான் விலகி நிற்க மாட்டேன்.

சிங்கப்பூரில் தமிழ் ஆட்சிமொழிகள் நான்கனுள் ஒன்று. அந்நாட்டுப் பணத்தாளிலும் அறிவிப்புப் பலகையிலும் தமிழ் இருக்கிறது. இவை தாமாக வந்தவையல்ல. திருவாரூரிலிருந்து சென்ற கோ. சாரங்கபாணியார் 1935இல் தமிழ்முரசைத் தொடங்கி நடத்தியதும், மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு இடம் வேண்டி 'தமிழ் எங்கள் உயிர்' என்று நிதி திரட்டியதும், உழைப்பாளி ஒவ்வொருவரும் தம் கூலியிலிருந்து அதற்குக் கொடுத்ததும் அதன் வேர்கள். மலேசியாவில் ஐந்நூற்றுக்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இன்றும் நடைபெறுகின்றன. தோட்டத்துக் கூலியாகப் போனவன் தமிழைக் கொண்டு போனான். பட்டம் பெற்றுப் போகிறவன் அதை வானூர்தி நிலையத்திலேயே விட்டுப் போகலாமா?

ஆகவே நான் கேட்பன சிலவே. தமிழ்நாட்டு அரசு 1978இல் அயல்நாட்டு மனிதவள நிறுவனத்தைத் தொடங்கியது. 2022 முதல் சனவரி 12ஆம் நாளை அயலகத் தமிழர் நாளாகக் கொண்டாடுகிறது. நன்று! கொண்டாடும் அரசு, தமிழர் மிகுதியாகச் செல்லும் நாடுகளின் குடிநுழைவு நெறிமுறைகளையும் வேலை உடன்படிக்கைச் சொற்களையும் எளிய தமிழில் அச்சிட்டு, மாறுந்தோறும் திருத்தி, ஒவ்வொரு கல்லூரியிலும் ஊராட்சியிலும் வைக்கட்டும். உடன்படிக்கையின் தமிழ்ப்படியை வேலையாளிடம் கொடாத முகவர் எவராயினும் ஆள்சேர்க்கும் உரிமையை இழக்கட்டும். பதிவு பெற்ற முகவர் இந்தியாவில் 30,000 உருபாவும் அதற்குரிய வரியும் அன்றி மேற்கொண்டு பெறக்கூடாது என்னும் நெறிமுறை ஏட்டில் உள்ளது. அதைச் சுவரில் தமிழில் எழுதினால் எத்தனை தாய்மாரின் தாலிக்கொடி அடகுக்குப் போகாமல் தப்பும்! பயிற்றுமொழி தமிழாகட்டும், ஆங்கிலம் மொழியாக, செம்மையாக, கற்பிக்கப்படட்டும். இரண்டையும் குழப்பி இரண்டையும் இழந்த தலைமுறையை இனியும் உருவாக்க வேண்டா.

இளைஞர்களே, போங்கள், பொருளீட்டுங்கள். சென்ற நாட்டின் சட்டத்தை மதியுங்கள். அம்மண்ணின் மக்கள் மனத்தைக் கேளுங்கள். பருமாவில் நாம் தவறியதை மறவாதீர்கள். வாயில் அவர்களுடையது, அதை எவ்வளவு திறப்பது என்பதும் அவர்கள் உரிமை. ஆனால் நீங்கள் கையொப்பம் இடும் சொல் உங்களுக்கு விளங்க வேண்டும் என்பது உங்கள் உரிமை. அதை எவரும் பறிக்க விடாதீர்கள்.

கையொப்பம் இடுமுன் தமிழ்த்தாளைக் கேளுங்கள். தர மறுத்தால் எழுந்து வாருங்கள். விளங்கவில்லையெனில் என் திண்ணை இருக்கிறது. என்னைப்போல் ஊருக்கு ஒரு தமிழாசிரியன் இருக்கிறான். நாங்கள் யாப்பு மட்டும் சொல்லிக்கொடுக்கப் பிறந்தவர்களல்லர்.

என் மாணாக்கன் அடகுவைத்த நகையை இன்னும் மீட்டுக்கொண்டிருக்கிறான். இப்போது, புறப்படும் இளைஞர்களின் தாள்களைப் படித்துத் தமிழில் எழுதிக்கொடுக்கும் பணியில் மாலைதோறும் என்னுடன் அமர்கிறான். இக்கூட்டம் முடிந்ததும் பின்வரிசையில் அவனைக் காணலாம். தாள் உள்ளவர்கள் அவனிடம் காட்டுங்கள்.

வாழ்க தமிழ்! வெல்க தமிழர்!